ஒரே ரிடிம், பத்துக் குரல்

நேயர்களுக்கு வணக்கம். டான்ஸ்ஹால் என்றதும் ஏதோ ஒரு நடன வகை என்று தோன்றும். ஜமைக்காவில் முதலில் அது இடத்தின் பெயர். ஒரு முற்றம், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு மைக், அவ்வளவுதான் அரங்கம். இசைத்தட்டைப் போடுகிறவர் செலக்டர். மைக்கைப் பிடித்துத் தாளத்தின் மேல் வார்த்தைகளை உருட்டுகிறவரைத்தான் அங்கே டீஜே என்பார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டு டீஜே வேறு.

கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் 1973-இல் பிறந்த மோசஸ் டேவிஸ் அப்படியொரு டீஜே. பீனி மேன் என்றால் தெரியும். 1981-இல் டேஸ்டி டேலன்ட் என்ற திறமைப் போட்டியில் ஜெயித்தார். வானொலி அறிவிப்பாளர் பேரி ஜி அவரை, முற்றத்தில் ஸ்பீக்கர் கட்டி நிகழ்ச்சி நடத்தும் சவுண்ட் சிஸ்டக்காரர்களிடம் அறிமுகம் செய்துவைத்தார். 1983-இல் முதல் ஆல்பம் வந்தது. ஆனால் பிரிட்டனில் முதல் பத்துக்குள் அவர் பாட்டு நுழைந்தது 1998-இல்தான். கோப்பையால் கிடைத்தது முற்றத்துக்குள் போக அனுமதி மட்டுமே.

அங்கே வேலை இப்படி நடக்கும். இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய தாளம் இருக்கும். அதற்கு வெர்ஷன் என்று பெயர். அந்தத் தாளத்தைத்தான் ரிடிம் என்பார்கள். செலக்டர் அதைத் திருப்பிப் போட்டதும் டீஜே ஏறிவிட வேண்டும். சற்றுப் பிந்தினாலும் சொற்கள் டிரம் அடிக்குப் பின்னால் இழுபடும். வரி நீண்டுவிட்டால் மூச்சு தீர்ந்து, கூட்டம் காத்திருக்கும் இயைபுச் சொல்லே விழுங்கப்படும். பதற்றத்தில் மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் ஸ்பீக்கர் ஊளையிடும். வரி பிடித்துவிட்டால் கூட்டம் கத்தும். செலக்டர் ஊசியைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து போடுவார். இதுதான் புல் அப். முதல் வரியிலேயே அதை வாங்குவது பெரிய கெட்டிக்காரத்தனம். ஆனால் இரண்டாம் முறையும் அதே வரியை அதே வேகத்தில் போட வேண்டும். சொல்லை மாற்றிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குவார்கள்.

1985-இல் அதே வாட்டர்ஹவுஸில் இசைத் தயாரிப்பாளர் பிரின்ஸ் ஜாமி, காசியோ எம்டி-40 கீபோர்டில் ஏற்கெனவே இருந்த தாளத்தின் வேகத்தைக் குறைத்து ஸ்லெங் டெங் என்ற ரிடிமைத் தயாரித்தார். வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம். ஒரே ரிடிமைப் பல குரல்களுக்குக் கொடுப்பது முன்பே உள்ள வழக்கம்தான். இப்போது அது இன்னும் மலிவானது. போட்டி முற்றத்தில் மட்டுமல்ல, இசைத்தட்டிலும் நடந்தது. பீனி மேனின் ‘ஹூ ஆம் ஐ’ பாட்டுக்கு தயாரிப்பாளர் ஜெரமி ஹார்டிங்கின் பிளேகிரவுண்ட் என்ற ரிடிம். அதே ரிடிமில் மிஸ்டர் வேகஸும் பாடினார், ஷான் பாலும் பாடினார். தாளத்தால் ஜெயிக்க வழியில்லை. பாட்டைத் தொடங்கும் எடுப்புதான் கைகொடுக்க வேண்டும். அந்தப் பாட்டை எடுத்ததும் வரும் பொருளற்ற அசைகளைக் கேளுங்கள்: புல் அப் வாங்கிப் பழகிய வாயின் வேலை அது.

2001-இல் ‘ஆர்ட் அண்ட் லைஃப்’ ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. முற்றத்தில் கைதட்டலுக்காக ஒருபாலீர்ப்பாளர்களைத் தாக்கிப் பாடிய பழைய வரிகள் 2004-இல் அவரைத் துரத்தின. எதிர்ப்பு கிளம்ப, வெளிநாட்டு நிகழ்ச்சிகள் சில ரத்தாயின. இசைத்தட்டில் ஏறிய வரியை எந்தச் செலக்டராலும் பின்னுக்கு இழுக்க முடியவில்லை.