கதையிலிருந்து கிணத்தடிக்கு

வணக்கம் நேயர்களே.

பிள்ளைகள் ஒரு கதையை வாசித்து முடித்ததும் நாங்கள் முதலில் கேட்பது என்ன? "இக்கதையால் நீர் பெற்ற படிப்பினை யாது?" பிள்ளையும் சளைக்காமல் எழுதும்: பேராசை பெருநட்டம், ஒற்றுமையே பலம். கதையை வாசிக்காமலே இதை எழுதலாம்! ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற பிள்ளைக்கு நாலாம் ஆண்டிலேயே இந்த வித்தை கைவந்துவிடும். இந்தக் கேள்விக்கும் எனக்கும் நெடுநாள் பகை. ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறிய பிறகும் நான் அதை விடுவதாயில்லை.

"இதை வாசிக்கேக்க உமக்கு என்ன ஞாபகம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். வாசிப்பவர் கொண்டுவருகிற அனுபவமும் சேர்ந்துதான் இலக்கியம் பொருள் தருகிறது என்று லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1938-இலேயே ஒரு நூல் எழுதினார். சரி, அமெரிக்கா இருக்கட்டும், எங்கள் வகுப்புக்கு வருவோம்.

ஒருமுறை ஆறு பெருக்கெடுக்கிற கதை ஒன்று வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆற்றுக்கு எங்கே போவது? வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில்தான் ஓடும். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். அது குடித்த மழையைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கதையில் வரும் தாய், ஆற்றங்கரைக்குப் போன மகனைப் பிடித்து ஏசுகிறாள். பிள்ளைகளின் கண்ணுக்கு அவள் ஒரு கோபக்காரி. அப்போது பின்வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழும்பினாள். "ரீச்சர், மாரிக்கு எங்கட கிணறு முட்டிப்போகும். கயிறு இல்லாமல் கையாலயே வாளியை விட்டு அள்ளலாம். அப்ப அம்மம்மா என்னைக் கிணத்தடிக்கு விடமாட்டா."

இந்த இடத்தில் "கெட்டிக்காரி, இரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவதுதான் எங்கள் வழக்கம். வேலையே இனித்தான் இருக்கிறது. அம்மம்மா ஏன் விடமாட்டா என்று கேட்டேன். "கோடையில தண்ணி ஆழத்தில கிடக்கும், எங்களுக்கே பயம், கிட்டப் போகமாட்டம். மாரியில தண்ணி கிட்ட வந்திடும், பயம் வராது. அதுதான் அவ ஏசுறவ." அப்படியெண்டால் கதையில வாற அம்மா? கொஞ்சம் யோசித்தாள். "அவவுக்குக் கோபம் இல்லை ரீச்சர். பயம்."

அந்தச் சொல் கதையில் எங்கேயும் இல்லை, நேயர்களே.

இதைத்தான் சொல்கிறேன், தன் வீட்டுக்குப் போன பிள்ளையைக் கதைக்குத் திரும்பக் கூட்டிவர வேண்டும். இல்லாவிட்டால் "எங்கட வீட்டிலயும் நாய் நிக்குது", "எங்கட வீட்டில ரெண்டு" என்று போய், பாடநேரம் நாயோடேயே முடிந்துவிடும். அதுவும் நல்ல கதைதான், ஆனால் வாசித்த கதை அங்கே அநாதையாய்க் கிடக்கும்.

எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்றுமில்லை. ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, கூடிக் கூழ் குடிக்கலாம் என்று பாடுகிற சோமசுந்தரப் புலவரின் பாட்டைப் படிப்பித்தால், "இப்ப ஆடிப்பிறப்புக்குப் பள்ளிக்கூட லீவு இல்லையே", "எங்கட வீட்டில கூழ் காய்ச்சிறேல்லை" என்பார்கள். அதுவும் தொடர்புதான். முன்பு ஆர் காய்ச்சினது, ஏன் விட்டது என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். பிறகு அதே பாட்டை வாசிக்கச் சொன்னால் வேறு மாதிரி வாசிப்பார்கள்.

இன்னொன்று. வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற கதை வந்தால் எங்கள் ஊரில் சில பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். பெற்றோர் பட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கிண்டக்கூடாது. விரும்பினால் படம் கீறட்டும், விரும்பினால் சும்மா இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அங்கால் தம்பி கையைக் காட்டுகிறார். பெற்றோருக்கென்று ஒரு பெரிய பகுதியே வைத்திருந்தேன், சரி, சுருக்கிச் சொல்கிறேன். இரவில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள், பதிலைத் திருத்தவேண்டாம். புத்தகம் வாங்க வசதியில்லை என்றால் யாழ். பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போங்கள், புத்தகத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். வணக்கம்.