மாமன் போட்ட கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா மகன் வந்து ஒரு தாளை நீட்டுகிறான். "மாமா, சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதானுங்க, இல்லீன்னா வேலை கைவிட்டுப் போயிரும்." மாமன் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, நூல் பெட்டி மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். படிக்கவில்லை. அக்கா மகன் கேட்கும்போது எப்படிங்க மாட்டேன்னு சொல்றது என்று பின்னால் என்னிடம் கேட்டார், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து 8 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் அவர் என் ஆபீசுக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடு, ஆள் பெயர் எல்லாம் விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன்.

அந்தப் பையன் சப் காண்ட்ராக்டர். ஒரு மில்லின் புதுக் கட்டடத்தில் அஸ்திவாரமும் காங்கிரீட் வேலையும் 42 லட்சத்துக்கு எடுத்திருந்தான். வேலை கொடுத்த மெயின் காண்ட்ராக்டர் அட்வான்ஸும் கொடுத்து, வேலையை ஒழுங்காக முடிப்பான் என்பதற்கு 8 லட்சம் வரை மாமாவிடம் ஜாமீன் வாங்கிக்கொண்டார். பிளிந்த் பீம், அதாவது அஸ்திவாரத்துக்கு மேலே தரை மட்டத்தில் ஓடும் காங்கிரீட் உத்தரம், முடிந்து தூண் எழுப்ப ஆரம்பித்த சமயத்தில் ஆள் வருவது நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது நீட்டி விட்ட கம்பியெல்லாம் மழையில் நனைந்து செம்பழுப்பாக நின்றது, சிமெண்ட் மூட்டை ரெண்டு தார்ப்பாய்க்கு அடியிலேயே கல்லாகியிருந்தது. சப் காண்ட்ராக்டர் ஓடிவிட்டான் என்று மில்காரரிடம் சாக்குச் சொல்ல முடியாது, அவருக்குப் பொறுப்பு மெயின் காண்ட்ராக்டர்தான். அதனால் அவருடைய நெருக்கடியும் நிஜமானதுதான்.

மாமா கேட்ட முதல் கேள்வி, எல்லோரும் கேட்பதுதான். "மொதல்ல அவன்மேல கேஸ் போட்டு, அவனால முடியலீன்னாத்தானுங்க எங்கிட்ட வரோணும்?"

இல்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் வேலை எடுத்தவனின் பொறுப்பும் ஒரே அளவுதான் என்கிறது. அவன் தவறிய அன்றைக்கே இவரிடம் கேட்கலாம். முதலில் அவனிடம் வசூல் பண்ணிப் பாருங்கள் என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1969இல் பேங்க் ஆஃப் பீகார் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. இதை நான் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, ஆனால் எவ்வளவு? இங்கேதான் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். 8 லட்சம் என்பது உச்ச வரம்பு, அதுவே கடன் தொகை ஆகிவிடாது. பையனுக்கு அதுவரை கொடுத்தது அட்வான்ஸும் சேர்த்து 24 லட்சம். மிச்சம் 18 லட்சம் மெயின் காண்ட்ராக்டர் கையிலேயே இருக்கிறது. வேறு ஆட்களை வைத்து முடிக்க 25 லட்சம் ஆனது என்றார். அப்படியானால் நஷ்டம் 7 லட்சம்தானே, எட்டு எங்கிருந்து வந்தது? அப்புறம் பில்லைப் புரட்டினால் அந்த 25இல் 3 லட்சம், நடுவில் மில்காரர் ஆசைப்பட்டுச் சேர்த்த ஒரு மாடித் தளத்துக்கு. அது பையன் ஒப்புக்கொண்ட பழைய வேலையில் இல்லவே இல்லை. அதைக் கழித்தால் நிற்பது 4 லட்சம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அந்த மாடித் தளத்துக்காகப் பையனுக்கு மூன்று மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்து, இரண்டு பேரும் வொர்க் ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், மாமாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாமீன்தாரரைக் கேட்காமல் ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பில்லை என்கிறது 133ஆம் பிரிவு. அவருக்குத் தெரியாமல் வேலை எடுத்தவனுக்கு அவகாசம் கொடுப்பதாக உடன்பாடு செய்துகொண்டால் அவர் விடுபடுகிறார் என்கிறது 135. ஆனால் வேலை எடுத்தவனை நெருக்காமல் சும்மா பொறுத்துக்கொண்டிருந்தது மட்டும் அவரை விடுவிக்காது, அது 137. எங்களுக்குள் சண்டையே இதில்தான். நாங்கள் அது உடன்பாடு என்றோம், அவர்கள் சும்மா பொறுத்துக்கொண்டதுதான் என்றார்கள்.

மெயின் காண்ட்ராக்டர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் சொல்கிறேன், மாற்றம் வரும்போது ஜாமீன்தாரரிடம் ஒரு கையெழுத்து வாங்க அரை நாள் போதும். அதை வாங்காமல் விட்டுத்தான் நல்ல ஜாமீனையெல்லாம் வீணாக்கிக்கொள்கிறீர்கள். இன்னொன்று, கடையில் அச்சடித்து வாங்கும் படிவங்கள் பலவற்றில், என்ன மாற்றம் செய்தாலும் எனக்குச் சம்மதமே என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதன் கீழே கையெழுத்துப் போட்டால் 133, 135 எல்லாம் பெரும்பாலும் கைகொடுக்காது. மாமா போட்ட தாளில் அந்த வரி இல்லை, அது அவர் அதிர்ஷ்டம்.

இதே இடத்தில் பேங்க் கேரண்டி இருந்திருந்தால் கதை வேறு. நிபந்தனையில்லாத கேரண்டி என்றால் கேட்டதும் பேங்க் கொடுத்தாக வேண்டும், சப் காண்ட்ராக்டர் தவறினானா இல்லையா என்ற தகராறுக்குள் பேங்க் போகாது, அப்பட்டமான மோசடி, திருப்பவே முடியாத நஷ்டம் என்ற நிலை இருந்தால்தான் கோர்ட்டும் தடுக்கும். ஆனால் அதிலும் கேட்பதற்குக் கெடு தேதி உண்டு, அதைத் தவறவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இந்த மாதிரி ஜாமீன் பத்திரம் கொடுக்க வழி வந்திருக்கிறது. நம் பக்கத்துச் சின்ன வேலைகளுக்கு இன்னமும் மாமன் மச்சான் கையெழுத்துதான்.

கோர்ட்டுக்குப் போனால் வருடக் கணக்காகும் என்று இரண்டு பக்கமும் தெரியும். ஆபீசில் உட்கார்ந்து பேசி இரண்டரை லட்சத்தில் முடித்தோம். பணத்தைக் கட்டியதும் மாமா எழுந்து கிளம்பப் பார்த்தார். நான் உட்காரச் சொன்னேன். பணம் கட்டிய ஜாமீன்தாரர், கடன் கொடுத்தவர், இங்கே மெயின் காண்ட்ராக்டர், நின்ற இடத்தில் போய் நிற்கிறார், அது 140. பையன் அட்வான்ஸுக்கு ஈடாக காங்கிரீட் கலக்கும் மிக்சர் மெஷினையும், காங்கிரீட் ஊற்றும்போது அடியில் கொடுக்கும் சென்ட்ரிங் ஷீட்டையும் எழுதிக் கொடுத்திருந்தான், இரண்டும் அந்த சைட்டிலேயே கிடந்தன. மறு வாரம் டெம்போ வைத்து ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிய பணத்தைப் பையனிடம் கேட்கவும் 145ஆம் பிரிவு இருக்கிறது என்று சொன்னேன், அக்கா இருக்கிறவரைக்கும் அது வேண்டாமுங்க என்றார்.

மிக்சர் இப்போது தறிக்குடோன் ஓரத்தில் நிற்கிறது. நாள் வாடகைக்கு விடுகிறார், இந்தத் தடவை வாடகைச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாராம்.