நிமிர்த்தி வைத்த கோப்பை

நேயர்களுக்கு என் அன்பின் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். விசுவாசிகள் சிலர் ஒரு வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தோம். திராட்சை மது பரிமாறினார்கள். அளவோடு அருந்துவது பாவமல்ல என்பது அன்றும் இன்றும் என் நம்பிக்கை. எனக்கு எதிரே அமர்ந்திருந்த சகோதரர் குடியை விட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. அது தெரிந்தும் அருந்தினேன். அவர் தம் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தார். என் கையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அதை நிமிர்த்தி வைத்தார்.

அந்தக் கோப்பையை நினைக்காமல் புதிய ஏற்பாட்டில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை என்னால் வாசிக்க முடிவதில்லை. ஏறத்தாழ கி.பி. 55இல் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரச் சபைக்கு அதை எழுதியபோது, அந்தச் சபையில் பெரும் வழக்காக இருந்தது விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சி. அந்த நகரத்தில் கோயிலும் விருந்தும் அருகருகே இருந்தன. அங்கே கிரேக்கரின் குணமாக்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயில் வளாகத்தை அகழ்ந்தபோது, சாய்ந்தபடி உண்பதற்கான மூன்று விருந்து அறைகளே கிடைத்திருக்கின்றன. சபையில் அறிவுள்ளவர்கள் வாதாடினார்கள்: தேவன் ஒருவரே, விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே அதற்குப் படைத்த இறைச்சியும் வெறும் இறைச்சிதான்.

அந்த வாதத்தின் அடிப்படையைப் பவுல் மறுக்கவில்லை. கடையில் விற்பதை வாங்கி உண்ணுங்கள், மனச்சாட்சியின் பொருட்டு விசாரிக்க வேண்டியதில்லை என்றுகூடப் பத்தாம் அதிகாரத்தில் சொல்கிறார். ஆனால் நேற்றுவரை அந்த விக்கிரகத்தின் முன் நின்று வணங்கிய ஒருவன் சபையில் இருக்கிறான். அவனுக்கு அது வெறும் இறைச்சியாகத் தெரியவில்லை. அறிவுள்ள சகோதரன் கோயில் பந்தியில் அமர்ந்து உண்பதை அவன் பார்க்கிறான். தவறு என்று உள்ளம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனும் கை நீட்டுகிறான். அவனுடைய மனச்சாட்சி அங்கே காயப்படுகிறது. அவனுக்காகக் கிறிஸ்து மரித்தார் என்று பவுல் நினைவூட்டுகிறார். இறைச்சி என் சகோதரனை இடறச் செய்யுமானால் ஒருநாளும் அதை உண்ணமாட்டேன் என்று அவர் முடிவெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை.

இங்கே ஒன்றை நிதானமாகக் கவனிக்க வேண்டும். சபைகளில் 'எனக்கு இடறலாக இருக்கிறது' என்ற சொல் மிக எளிதாகப் புழங்குகிறது. ஒருவருடைய உடை பிடிக்கவில்லை, ஒருவர் பாடும் முறை பிடிக்கவில்லை, உடனே இடறல் என்கிறோம். இடறுவது என்றால் கல்லில் கால் தட்டி விழுவது. தன் மனச்சாட்சிக்கு எதிராக நடக்க ஒருவன் தூண்டப்படுவதே இடறல். முகம் சுளிப்பது இடறல் ஆகாது. உறுதியாகத் தன் கருத்தில் நிற்கும் ஒருவர், தமக்குப் பிடிக்காததை மற்றவர்கள் செய்யக் கூடாது என்று தடுக்கும்போது, அவரைப் பலவீனமான சகோதரன் என்று நான் கருதவில்லை.

பவுலும் எல்லோருக்கும் இணங்கிப் போனவரல்ல. யூதர்களை முன்னிட்டுத் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு, யூத மரபின்படி விருத்தசேதனம் செய்வித்தார். அதே பவுல், மற்றோர் உடன் ஊழியரான தீத்துவுக்கும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது ஒரு நாழிகையேனும் இணங்கவில்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு உண்பதைவிட்டுப் பேதுரு விலகியபோது, எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். அன்பின் பொருட்டு ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். அதையே இரட்சிப்பின் நிபந்தனையாக்கினால் சுவிசேஷம் கெட்டுவிடும். 1520இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், கிறிஸ்தவன் எவருக்கும் அடிமையல்ல, எல்லோருக்கும் ஊழியன் என்று இரண்டையும் சேர்த்தே எழுதியதும் இதே உணர்வில்தான்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினான்காம் அதிகாரம் இரு தரப்பிடமும் பேசுகிறது. உண்கிறவன் உண்ணாதவனை அற்பமாக எண்ணக் கூடாது. உண்ணாதவன் உண்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. நம்மில் பலர் மற்றவருக்குரிய பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். என்னைச் சுட்டது முதல் பாதி. அந்த விருந்தில் நான் அவரை வாயால் இகழவில்லை. அவர் அங்கே இருப்பதையே ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

அந்தச் சகோதரர் அதன்பின் பல மாதங்கள் ஆராதனைக்கு வரவில்லை. திரும்பி வந்த நாளில் அவரைத் தனியே சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்கள் அருந்தியது தவறு என்று நான் நினைக்கவில்லை, ஐயா. எனக்கு அது ஆகாது என்று தெரியும். உங்களைப் பார்த்ததும், தெரிந்ததைத் தெரியாததுபோல் ஆக்கிக்கொண்டேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஒரே மேசையில் உண்டிருக்கிறோம். இருவர் கோப்பையிலும் தண்ணீர்தான்.