முதல் சப்பாத் இசைத்தட்டு: அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். “பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தை ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் வகையின் தொடக்கம் என்கிறார்கள், ஆனால் இன்றைய மெட்டலோடு ஒப்பிட்டால் அது மெதுவாகவும் சத்தம் குறைவாகவும் இருக்கிறதே, இசைத்தட்டில் கேட்டால்தான் அதன் பெருமை புரியுமா?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

முதலில், மெதுவாக இருப்பதுதான் அந்த ஆல்பம் செய்த புதுமை. 1970 பிப்ரவரி 13 அன்று வெர்டிகோ நிறுவனம் அதை இங்கிலாந்தில் வெளியிட்டபோது, சத்தமாக வாசிக்கும் ராக் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் பாடலில், மழையும் இடியும் தேவாலய மணியும் கேட்டு அடங்கியபின் டோனி ஐயோமியின் கிட்டார் மூன்றே சுரங்களோடு நுழைகிறது. நம் சங்கீத வழக்கில் சொன்னால், ஷட்ஜத்தை அடித்து, மேல்ஸ்தாயி ஷட்ஜத்துக்குத் தாவி, அங்கிருந்து பிரதி மத்தியமத்தில் இறங்கி நின்று நடுங்குகிறது. கல்யாணி ராகத்தில் நமக்கு அத்தனை இனிமையாகக் கேட்கும் அதே சுரம், பஞ்சமத்தின் துணையின்றி ஷட்ஜத்துக்கு எதிரே தனியாக நிறுத்தப்படும்போது அச்சமூட்டுகிறது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே விடப்பட்ட இடைவெளியில்தான் கனம் இருக்கிறது. கிட்டாரின் ஒலி தேய்ந்து அடங்கும்வரை பில் வார்டின் டிரம்ஸ் காத்திருப்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

ஐயோமி, காயப்பட்ட விரல்களுக்குத் தந்தி தளர்வாக இருக்க வேண்டும் என்று, சுருதியை மிகவும் இறக்கி வாசித்ததால்தான் இந்தக் கனம் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். பர்மிங்காமில் உலோகத் தகடு ஆலையொன்றில் வேலை செய்தபோது, 17 வயதில் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் துண்டாயின என்பதும், இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான் என்பதும், பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தாமே செய்த விரலுறைகளோடு மெல்லிய தந்திகளை வைத்து வாசித்தார் என்பதும் உண்மை. ஆனால் முதல் ஆல்பம் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. சுருதியை ஒன்றரைப் படி (மூன்று அரைச்சுர அளவு) இறக்கியது 1971இல் வந்த மூன்றாவது ஆல்பமான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில்தான்.

இனி இசைத்தட்டு. லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில், 1969 அக்டோபரில், தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் மேற்பார்வையில் இந்த ஆல்பம் ஏறக்குறைய ஒரே நாளில், மேடையில் வாசிப்பதைப் போலவே நால்வரும் சேர்ந்து வாசித்துப் பதிவானது. தட்டில் வெட்டப்படும் தடத்தில் தாழ்ந்த ஒலிக்கு அகலமான அலைவு தேவைப்படும்; அகலம் கூடினால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும்; ஆகவே வெட்டும்போதே தாழ்ஒலியைக் குறைத்து, உச்சஒலியைக் கூட்டி, ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபயரில் அதை நேர்செய்வார்கள். இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் சுமார் 20 நிமிடமும் இரண்டாம் பக்கம் சுமார் 18 நிமிடமும்தான் என்பதால், தாழ்ஒலி தரும் கீஸர் பட்லரின் பேஸ் கிட்டாரை அதிகம் நெருக்காமல் வெட்ட இடமிருந்தது. ‘என்.ஐ.பி.’ பாடலுக்கு முன்னால் அவர் தனியாக வாசிக்கும் பகுதியை நல்ல ஊசியில் கேட்டால் நான் சொல்வது விளங்கும். மற்றபடி, தட்டில் கேட்டால்தான் இசை முழுமை பெறும் என்ற வாதம் எனக்கு உடன்பாடில்லை. பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போட வேண்டியிருப்பதால் நாம் பாடல்களைத் தாண்டிப் போகாமல் கேட்கிறோம் என்பதே பெரிய ஆதாயம்.

பாதிப்பைப் பற்றிச் சொல்வதானால், அந்த முதல் பாடலின் நடையை மட்டுமே எடுத்து வளர்த்து ‘டூம் மெட்டல்’ என்றொரு தனி வகையே உருவானது; அமெரிக்காவின் செயின்ட் வைட்டஸும் ஸ்வீடனின் கேண்டில்மாஸும் அந்த வழியில் வந்தவை. வேகத்துக்குப் பேர்போன மெட்டாலிகா குழுவினரே 2006இல் சப்பாத்தை, ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் அழைத்துப் பேசினார்கள். இன்னொரு தொடர்பை அதிகம் பேர் சொல்வதில்லை: இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம்தான், பத்தாண்டுகள் கழித்து, அதே பர்மிங்காம் வட்டாரத்திலிருந்து வந்த ஜூடாஸ் பிரீஸ்டின் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தைத் தயாரித்தார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: நடுவில் கருப்பு வெள்ளைச் சுழல் அச்சிட்ட வெர்டிகோ முதல் பதிப்பு சேகரிப்பாளர்களின் பொருள், விலையும் அப்படித்தான். அமெரிக்கப் பதிப்பில் ‘ஈவில் உமன்’ பாடலுக்குப் பதில் ‘விக்கெட் வேர்ல்ட்’ இருக்கும். மறுபதிப்பு வாங்கும்போது தட்டின் 180 கிராம் என்ற எடையைப் பார்த்து மயங்காமல், எந்த மூலப்பதிவிலிருந்து யார் மாஸ்டர் செய்தார்கள், அதாவது தட்டுக்கேற்ப ஒலியைச் சீர்செய்தார்கள் என்பதைப் பாருங்கள். எடை ஒலியைத் தீர்மானிப்பதில்லை.