அனூரிசத்தோட சுவர் எம்ஆர்ஐல பளிச்சுனு தெரிஞ்சா வெடிச்சிடுமா?

அடுத்த கேள்வி. "அம்மாவுக்கு 62 வயசு. எம்ஆர் ஆஞ்சியோல மூளை ரத்தக்குழாய்ல 5 மில்லிமீட்டர் அனூரிசம்னு வந்திருக்கு. இப்போ வெசல் வால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. ஆஞ்சியோதான் எடுத்தாச்சே, இது எதுக்கு? சுவர் பளிச்சுனு தெரிஞ்சா வெடிச்சிடுமா?"

அனூரிசம்னா ரத்தக்குழாய்ச் சுவர் பலவீனமாகி பலூன் மாதிரி வீங்கின இடம். ஆஞ்சியோ உள்ள ஓடுற ரத்தத்தைத்தாங்க காட்டும். வீக்கம் எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, அதோட கழுத்து, அதாவது குழாயோட ஒட்டுற இடம், அகலமா குறுகலா, மேல குட்டிப் புடைப்பு ஏதாவது இருக்கா, அதெல்லாம் தெரியும். ஆனா வெடிக்கிறது சுவர். அதுல அழற்சி இருக்கான்னு ஆஞ்சியோல தெரியாது.

வெசல் வால் ஸ்கேன்ல ரத்தத்தோட சிக்னலை அணைச்சிடுவோம். ஓடுற ரத்தம் கறுப்பாயிடும், சுவர் தனியா தெரியும். காந்த சக்தி அதிகமான 3 டெஸ்லா மெஷின்ல எடுக்கிறது நல்லது. 3டி டி1 சீக்வென்ஸ், அதாவது படம் எடுக்கிற முறை, கம்பெனியைப் பொறுத்து ஸ்பேஸ், கியூப், விஸ்டான்னு பேர் மாறும். வாக்சல், அதாவது படத்தோட மிகச் சின்னக் கட்டம், 0.5ல இருந்து 0.7 மில்லிமீட்டர். முதல்ல கான்ட்ராஸ்ட் மருந்து போடாம ஒரு தடவை. அப்புறம் காடோலினியம்ங்கிற அந்த மருந்தை, உடல் எடை கிலோவுக்கு 0.1 மில்லிமோல், ஏத்திட்டு சில நிமிஷம் விட்டு அதே சீக்வென்ஸை அதே கோணத்துல திரும்ப எடுக்கணும். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 5லேர்ந்து 8 நிமிஷம். அவ்வளவு நேரமும் தலை அசையக் கூடாது. கிட்னி பிரச்சனை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

மருந்து போட்டப்புறம் எடுத்த படம் மட்டும் இருந்தா, அதை வெச்சு முடிவு சொல்லவே கூடாதுங்க. அங்கதான் பெரிய தப்பு நடக்குது. ரத்தம் ஓடுறதாலதான் அது கறுப்பாகுது. பெரிய அனூரிசத்துக்குள்ள, ஆத்தோரத்துல தண்ணி தேங்கிச் சுழல்ற மாதிரி, சுவரை ஒட்டி ரத்தம் மெதுவா சுத்தும். அந்த ரத்தம் முழுசா கறுப்பாகாது. மருந்தும் கலந்துட்டா இன்னும் பளிச்சுனு வளையமா நிக்கும். பார்க்க அச்சு அசல் சுவர் மாதிரியே இருக்கும். அதனால கான்ட்ராஸ்ட் போட்ட ஆஞ்சியோவைப் பக்கத்துல வெச்சு, அந்த வளையம் ரத்தம் ஓடுற இடத்துக்குள்ள விழுதா, வெளிய விழுதான்னு பார்க்கணும். உள்ள விழுந்தா ரத்தம். சந்தேகம் தீரலைன்னா டான்டே மாதிரி, மெதுவா ஓடுற ரத்தத்தையும் அணைக்கிற முறையைச் சேர்த்து மறுபடி எடுக்கலாம். பக்கத்துல இருக்கிற சிரை, கண்ணுக்குப் பின்னாடி சிரை ரத்தம் சேர்ற கேவர்னஸ் சைனஸ் இதுங்களும் மருந்தை வாங்கி மினுங்கும், அதையும் சுவர்னு எண்ணிடக் கூடாது.

சுவரோட தடிமன்னு ரிப்போர்ட்ல ஒரு நம்பர் இருந்தா அதைப் பெருசா எடுத்துக்காதீங்க. சாதாரண மூளைக் குழாய்ச் சுவரே 0.2, 0.3 மில்லிமீட்டர்தான். அனூரிசத்துல அதைவிட மெலிஞ்சும் இருக்கும். 0.5 வாக்சலால அதை அளக்க முடியாது.

இப்போ உங்க பயத்துக்கு வர்றேன். சுவர் மருந்தை வாங்கலைன்னா, அதாவது பளிச்சுனு தெரியலைன்னா, அது நல்ல செய்தி, அந்த அனூரிசம் இப்போதைக்கு நிலையா இருக்க வாய்ப்பு அதிகம். வாங்கியிருந்தா வெடிக்கப்போகுதுன்னு அர்த்தம் இல்லை. வெடிச்சது, வளர்றது இதுல எல்லாம் அதிகமா தெரியுது, உண்மைதான். ஆனா பெருசா இருந்தும் பல வருஷம் அப்படியே நிக்கிற அனூரிசத்துலயும் தெரியுது. அதனால இதை மட்டும் வெச்சு ஆபரேஷன் முடிவு பண்ண மாட்டாங்க. அளவு, எந்தக் குழாய்ல இருக்கு, பிரஷர், புகைப்பழக்கம், குடும்பத்துல யாருக்காவது மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கான்னு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. 5 மில்லிமீட்டர் மாதிரி இழுபறியான அளவுலதான் இந்த ஸ்கேன் கை கொடுக்கும்: அடுத்த ஸ்கேனை முன்னாடியே வைக்கணுமா, சிகிச்சை பத்தி இப்பவே பேசணுமான்னு. திரும்ப எடுக்கும்போது முடிஞ்சா அதே மெஷின்ல, அதே சீக்வென்ஸ்ல எடுங்க, பழைய படம் இருக்கிற டிஸ்க்கையும் கொண்டு போங்க. இல்லைன்னா மாற்றம் சுவர்லயா, மெஷின்லயான்னு தெரியாது.

ஏற்கெனவே சிகிச்சைக்காக காயிலோ (உள்ள அடைக்கிற கம்பிச்சுருள்) ஸ்டென்டோ (குழாய்க்குள்ள வைக்கிற வலைக்குழாய்) வெச்ச அனூரிசத்துல சுவர் மினுங்கினா, அதை இதே மாதிரி படிக்கக் கூடாது. அது சிகிச்சையாலயே வரும்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. திடீர்னு, இதுவரைக்கும் வராத அளவுக்குத் தலைவலி இடி மாதிரி வந்தாலோ, ஒரு கண் இமை புதுசா தொங்கினாலோ, இந்த ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க முதல்ல சிடி ஸ்கேன்தான் எடுப்பாங்க.