திரையில் வரும் பொய்யைத் திரையில்தான் பிடிக்க முடியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஊடகத்தைப் பகுத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் பெரிதும் துணை நிற்பது தொழில்நுட்பமா, பெரியவர்களின் அறிவுரையா? இதுதான் தலைப்பு. "எதையும் கேள்வி கேள் என்று சொல்லி வளர்த்தால் போதும், கருவி எதற்கு?" என்று எதிரணித் தலைவர் கேட்டுவிட்டுப் போனார்.

கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏமாந்த கதை தெரியுமா ஐயா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 45 பேர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10, செய்தி சரிபார்ப்பாளர்கள் 10, மாணவர்கள் 25. இணையதளங்களைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். வரலாற்றாசிரியர்களிலேயே பலர் லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் நேரத்தை வீணாக்காமல் புதிய டேப்களைத் திறந்து, மற்றவர்கள் அந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இது கைப்பழக்கம் ஐயா. கரும்பலகையில் எழுதிப்போட்டால் வராது.

வகுப்பில் ஒரு கணினி இருந்தால் போதும். ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். பக்கவாட்டில் திறக்கும் பலகையில் தலைப்பின் எழுத்துகளை இரட்டைக் கிளிக் செய்து, "நாளை முதல் பள்ளிகளே கிடையாது" என்று அடித்து, என்டர் தட்டுங்கள். அதே எழுத்துரு, அதே லோகோவோடு அசல் செய்திபோலவே நிற்கும்! ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பழைய தலைப்பு திரும்பிவிடும். மாறியது நம் கணினிக்கு வந்த நகல் மட்டும்தானே. இதைத் தன் கையால் செய்த பிள்ளை, அடுத்த ஸ்கிரீன்ஷாட் வரும்போது "லிங்க் எங்கே?" என்று கேட்கும்.

படத்துக்கு வருவோம். வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்தும் படம் 2011இல் ஐரீன் புயலின்போது பரவியது. 2017இல் ஹார்வி புயலின்போது மறுபடி வந்தது. அந்தச் சுறா, புகைப்படக் கலைஞர் தாமஸ் பெஷாக் 2003இல் தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது. இப்படிப்பட்டதைக் கண்டுபிடிக்கப் படத்தைக் கொண்டே தேடும் வசதி இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வழுக்குகிற இடங்களும் அதில்தான் இருக்கின்றன. படத்தின் மேல் எழுதியிருக்கும் வாசகத்தை வெட்டாமல் தேடினால் வாசகத்தோடு சுற்றும் நகல்களே கிடைக்கலாம். முதலில் வருகிற முடிவைப் பழையது என்று நினைத்துவிடுவார்கள். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தச் சொல்லித்தர வேண்டும். இடவலம் திருப்பிய படம் தப்பிவிடக்கூடும், திருப்பிப் போட்டு இன்னொரு முறை தேட வேண்டும். எதுவுமே கிடைக்கவில்லையா? "அப்போ உண்மைதான்" என்று முடித்துவிடுவார்கள். அந்தத் தேடுபொறியிடம் அந்தப் படம் இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

"கருவியே பொய் சொன்னால்?" என்றார்கள் எதிரணியில். நல்ல கேள்வி, அதையும் பாடமாக்குவோம். செயற்கை நுண்ணறிவுப் படமா என்று சதவீதம் சொல்லும் செயலியில் ஒரே படத்தின் அசலையும், வாட்ஸ்அப் வழியாக வந்து தரம் குறைந்த நகலையும் போட்டுப் பார்க்கட்டும். இரண்டு விடை வந்தால், எதை நம்புவது என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். அந்தச் சண்டைக்கு நடுவராக எதிரணித் தலைவரையே அழைக்கிறோம், வரச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.