ஐங்கோணம் கேட்ட இடம்

அனைவருக்கும் வணக்கம். தங்க விகிதம் என்றதும் பார்த்தினான் கோயில், சங்கு, மனித முகம் என்று படங்களை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றில் பல, நாம் அளவுகோலை இழுத்துப் பிடித்துப் பொருத்திப் பார்ப்பவைதான். தங்க விகிதம் என்பது ஏறத்தாழ 1.618 என்ற எண். அது தானாகவே குடியிருக்கும் இடம் ஒழுங்கு ஐங்கோணம், அதாவது பக்கங்களும் கோணங்களும் சமமான ஐங்கோணம். பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 1.618. எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் இந்த விகிதம் மாறாது.

ஆனால் ஐங்கோணத்தை மட்டும் வைத்து ஒரு தரையை நிரப்ப முடியாது. அதன் ஒரு மூலை 108 டிகிரி. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்றை வைத்தால் 324. மீதி 36 டிகிரி ஓட்டையாக நிற்கும்.

ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் தர்ப்-இ இமாம் என்ற கட்டடம் இருக்கிறது. 1453-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சுவரில் பத்துமுனை நட்சத்திரங்களும் ஐங்கோணங்களும் ஓட்டையே இல்லாமல் ஓடுகின்றன. எப்படி? இப்படிப்பட்ட அலங்காரங்களுக்கு அடிப்படை பத்துக்கோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், சாய்சதுரம், இடுப்பு ஒடுங்கிய அறுகோணம் என ஐந்து துண்டுகள். எல்லாவற்றுக்கும் பக்க நீளம் ஒன்றே. கோணங்கள் எல்லாம் 36-இன் மடங்கு. இரண்டு பத்துக்கோணங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டுங்கள். 144-ம் 144-ம் 288, மீதி 72. நீண்ட அறுகோணத்தின் கூர்முனை சரியாக 72! அப்புறம், நட்சத்திரங்களாகத் தெரிபவை துண்டுகளின் மேல் வரைந்த கோடுகள்தான். அந்தக் கோடுகள் எப்போதும் பக்கத்தின் நடுப்புள்ளியையே தொடுகின்றன. அதனால் துண்டு மாறினாலும் கோடு முறிவதில்லை.

2007-இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இந்தச் சுவரில் பெரிய துண்டுகளுக்குள்ளேயே அதே வகைச் சிறு துண்டுகள் அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் 1970-களில் கண்டுபிடித்த, ஒரே மாதிரி திரும்ப வராத அமைப்போடு அது கிட்டத்தட்ட முழுவதும் பொருந்தியது.

ஏன் திரும்ப வராது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பென்ரோஸ் அமைப்பில் அகலச் சாய்சதுரம், ஒல்லிச் சாய்சதுரம் என இரண்டு உண்டு. தளம் விரிய விரிய, அவற்றின் எண்ணிக்கை விகிதம் தங்க விகிதத்தை நெருங்கும். ஒரே கட்டம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த விகிதம் 8-க்கு 5 என்பது போல முழு எண்களில் அமைந்தாக வேண்டும். தங்க விகிதமோ எந்த இரு முழு எண்களுக்கும் பிடிபடாது.

அந்தக் கைவினைஞர்களுக்கு இந்த நிரூபணம் தெரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரிதைச் சிறிதாகப் பிரிக்கும் விதி அவர்கள் கையில் இருந்தது. சரி, ஐந்து துண்டுகளையும் அட்டையில் வெட்டி இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். வந்து அடுக்கிப் பாருங்கள், பத்துக்கோணத்திலிருந்து தொடங்குங்கள்.